பழைய ரிவால்வரின் உறுப்புகளும் முத்திரைகளும்

பெங்களூரு நகரத்துப் பள்ளி ஒன்றின் காட்சி அலமாரியில், சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறிய ரிவால்வரைக் கண்டோம். பள்ளியின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. கண்ணாடி போல் பளபளத்த அக்கருவியின் அடியில் ஒரு சீட்டு வைக்கப்பட்டிருந்தது. "திப்பு சுல்தான் காலத்துக் கைத்துப்பாக்கி, ஸ்ரீரங்கப்பட்டணப் போர், 1799" என்பது அதில் அழகிய எழுத்தில் கண்ட வாசகம். பழைய மாணவர் ஒருவரின் குடும்பத்தார் அதனைப் பள்ளிக்கு அளித்திருந்தனர். அளிப்பதற்கு முன் போலீஸ் அதிகாரிகளின் அனுமதி பெற்று, குழலின் பின்பக்கத்தை அடைத்து, குதிரையின் முனையையும் அறுத்துவிட்டனர். அது முறையே. ஆனால் அத்துடன் நில்லாமல், "புதுப்பித்துத் தருகிறேன்" என்ற ஒரு கைவினைஞரிடமும் அதைக் கொடுத்திருந்தனர். அவர் துருவை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, மேலே நிக்கல் முலாமும் பூசிவிட்டார்.

வரலாற்று ஆசிரியர் எம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "சீட்டில் உள்ளது உண்மையா? மாணவர்களுக்கு இதைச் சொல்லித் தரலாமா?" அதற்கு விடை கண்ட முறையை இங்கு விவரிக்கிறோம். கிராமங்களில் சுற்றிப் பணிபுரியும் ஊழியர்களுக்கும், பள்ளிகளில் சிறு காட்சிச்சாலை நடத்தும் ஆசிரியர்களுக்கும் இத்தகைய பொருள்கள் எதிர்ப்படுவது அபூர்வமன்று.

தொடுவதற்கு முன்

எந்தப் பழைய துப்பாக்கியையும், மருந்து கெட்டித்த துப்பாக்கி என்றே முதலில் கருதவேண்டும். பழைய கருமருந்து ஈரம் படாதிருந்தால் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளானாலும் தீப்பற்றும் குணத்தை இழப்பதில்லை. துருப்பிடித்து அசையாமல் நிற்கும் உருளையின் அறைகளில் மருந்தும் குண்டும் அப்படியே இருந்ததைக் காட்சிச்சாலைப் பணியாளர்கள் கண்டிருக்கின்றனர். ஆகவே வாய்ப்பக்கத்தை எவர்மீதும் திருப்பலாகாது, விசையை இழுத்துப் பார்க்கலாகாது, சூடு காட்டலாகாது. கிணறு தூர்வாரும்போதோ சுவர் இடிக்கும்போதோ கிடைத்ததானால், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போலீசாருக்குத் தெரிவிப்பதே சரி.

சட்டத்தையும் சிறிது அறிந்திருத்தல் நலம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 45ஆம் பிரிவில், வழக்கொழிந்த அமைப்புள்ளவையும் தொன்மை மதிப்புள்ளவையும் பழுதுபட்டவையுமான ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்த ஆயுதம் சுடுவதற்குப் பயன்படாததாக இருக்கவேண்டும். "துருப்பிடித்துக் கிடக்கிறதே, இதற்கு எதற்கு லைசென்ஸ்?" என்று எண்ணுவோர் இந்நிபந்தனையைக் கவனிப்பதில்லை. பழுது பார்த்தால் சுடும் என்ற நிலையில் உள்ள ரிவால்வர், சட்டத்தின் கண்ணில் ரிவால்வரே. நல்லெண்ணத்துடன் அதன் வில்லை மாற்றி, விசையைச் சரிசெய்து "உயிர் கொடுப்பவர்" லைசென்ஸ் இல்லாத ஆயுதம் ஒன்றைத் தம் கையாலேயே உண்டாக்குகிறார். நூறாண்டு கடந்த பொருளாயின் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டமும் அதைப் பற்றும். மண்ணுள் புதைந்து கிடைத்ததாயின், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்கவேண்டும் என்னும் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நினைவிற்கொள்க.

திப்புவின் காலத்துத் துப்பாக்கி எப்படி இருக்கும்?

பெங்களூரில் துப்பாக்கித் தொழில் இருந்ததா என்றால், இருந்தது. 1791ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கார்ன்வாலிசின் சேனை பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றியபோது, பீரங்கி வார்க்கும் சாலையும், குழல்களுக்குத் துளையிடும் யந்திரமும் அங்கே இருக்கக் கண்டனர். கோட்டையை அடுத்த தாரமண்டலப்பேட்டை என்னும் இடப்பெயர் ஏவுகணைத் தொழிலை இன்றும் நினைவூட்டுகிறது. எனவே பள்ளிச் சீட்டை எழுதியவரின் எண்ணம் முற்றும் ஆதாரமற்றதன்று. ஆனால் அக்காலத்து மைசூர்த் துப்பாக்கிகள் சக்கிமுக்கிக் கல்லால் தீ மூட்டும் வகையைச் சேர்ந்தவை. குதிரையின் வாயில் ஒரு கல் பிடிக்கப்பட்டிருக்கும். அது எஃகுத் தகட்டில் உரசிப் பொறி எழுப்பும்.

அவற்றின் முத்திரைகளும் தனித்தன்மை உள்ளவை. வேங்கையின் உடல்வரி போன்ற கோலம், வேங்கை முகமாக அமைத்த எழுத்து, பட்டணம் அல்லது நகர் என்னும் ஊர்ப்பெயர் ஆகியவை அவற்றில் காணப்படும். ஆண்டு எண் திப்பு ஏற்படுத்திய மௌலூதி சகாப்தத்தில் குறிக்கப்பட்டிருக்கும். இதில் ஒரு விநோதம்: இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. 1224 என்னும் ஆண்டு, நம் வழக்கப்படி இடமிருந்து படித்தால் 4221 என்று தோன்றும். அது ஏறக்குறைய கி.பி. 1796. இதை அறியாதவர் அந்த எண்ணைத் துப்பாக்கியின் வரிசை எண் என்று குறித்துவிடக்கூடும்.

அலமாரியில் இருந்த ரிவால்வரில் கல் பிடிக்கும் வாயும் இல்லை, வேங்கை வரியும் இல்லை. ஆயினும் இல்லாதவற்றைக் கொண்டு மட்டும் முடிவு செய்வது போதாது. முலாம் பூசியவர் வரியைத் தேய்த்திருக்கலாம் அன்றோ? எனவே உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

உறுப்புகள் கூறியது

ரிவால்வர் என்பதன் உயிர்நிலை அதன் சுழலும் உருளை. உருளை இருப்பதனாலேயே அது பிற்காலத்தது என்று சொல்லிவிட முடியாது. சுழலும் அறைகள் கொண்ட திரித்துப்பாக்கிகள் நம் நாட்டிலேயே முற்காலத்தில் அபூர்வமாகச் செய்யப்பட்டன. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் தம் ரிவால்வருக்கு இங்கிலாந்தில் உரிமை பெற்றது 1835ஆம் ஆண்டில். காலத்தைக் காட்டுவது உருளையன்று, உருளையில் உள்ள அறைகளின் துளையே.

கோல்ட், ஆடம்ஸ் ஆகியோரின் முதற்கால ரிவால்வர்களில் ஒவ்வோர் அறையும் பின்புறம் மூடியிருக்கும். மருந்தையும் குண்டையும் முன்பக்கமாகவே இட்டுக் கெட்டிக்கவேண்டும். மூடிய பின்புறத்தில், சிறு முலைக்காம்பு போன்ற உறுப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் தலையில் செம்பினாலான 'கேப்பு' ஒன்றை மாட்டுவர். குதிரை அதன்மேல் விழுந்ததும் தீப்பிடிக்கும். 1857ஆம் ஆண்டின் போரில் ஆங்கில அதிகாரிகள் இடுப்பில் செருகியிருந்தவை பெரும்பாலும் இவ்வகையினவே. மருந்தும் குண்டும் கேப்பும் ஒன்றாய்ச் சேர்ந்த உலோகத் தோட்டா வழக்கிற்கு வந்தபின்னரே, அறைகளை இருபுறமும் திறந்த முழுத் துளையாகச் செய்தனர். ரிவால்வரில் இது 1850களில் தொடங்கிய மாற்றம். உருளையை டார்ச் விளக்கின் முன் பிடித்து, அறையின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

பள்ளியின் ரிவால்வரில் ஐந்து அறைகள் இருந்தன. ஐந்திலும் வெளிச்சம் தெரிந்தது. 1799 என்னும் ஆண்டு அங்கேயே விழுந்துவிட்டது.

மற்ற உறுப்புகள் இன்னும் நெருக்கமாக வழிகாட்டின. குழலின் நீளம் இரண்டரை அங்குலந்தான். உடற்பகுதி மேலும் கீழும் ஒரே துண்டாக, உருளையைச் சுற்றிச் சட்டம் கட்டியதுபோல் இருந்தது. உருளைக்குப் பின்னே வலப்புறத்தில் ஒரு சிறு கதவு; அதைத் திறந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக இடவேண்டும். சுட்டபின் வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளுவதற்குரிய கோல், உருளையின் அச்சாகிய உட்குழாய்க்குள்ளேயே ஒளிந்திருந்தது. பருத்த வளைந்த கைப்பிடி, அடியில் கயிறு கோக்கும் வளையம். இவ்வளவும் சேர்ந்தால் அது 'புல்டாக்' என்னும் வகை. பர்மிங்காமின் வெப்ளி தொழிற்சாலை 1872இல் இவ்வகையை வெளியிட்டது. சட்டைப்பையில் அடங்கும் அளவும் பெரிய குண்டும் இருந்தமையால் உலகெங்கும் விற்றது. பெல்ஜியத்திலும் பிற நாடுகளிலும் கணக்கற்ற நகல்கள் செய்யப்பட்டன. 1881ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு இவ்வகை ரிவால்வரால்தான் சுடப்பட்டார்.

இங்கே ஒரு வேற்றுமையை ஊழியர்கள் மனத்தில் இருத்துவது நல்லது. நம் நாட்டில் மிகுதியாக எதிர்ப்படும் வெப்ளி ராணுவ ரிவால்வர் இதிலிருந்து மாறுபட்டது. அதன் இடப்புறத்து நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்தினால், குழலும் உருளையும் முன்புறமாக மடிந்து திறக்கும்; உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு எழுந்து ஆறு தோட்டாக்களையும் ஒருங்கே வெளியேற்றும். 1887இல் முதல் மாதிரியும் 1915இல் ஆறாம் மாதிரியும் ஏற்கப்பட்டன. ஆறாம் மாதிரியின் குழல் ஆறு அங்குலம். கைப்பிடியின் அடி சதுரமாக வெட்டியதுபோல் இருக்கும். முந்திய மாதிரிகளில் அது பறவைத் தலைபோல் வளைந்திருக்கும். தொழிற்சாலையின் பெயரே காலத்தைக் காட்டும். 1897க்கு முன் 'வெப்ளி அண்டு சன்' என்றும், அவ்வாண்டு இணைப்புக்குப் பின் 'வெப்ளி அண்டு ஸ்காட்' என்றும் பொறித்தனர்.

முத்திரைகள் கூறியது

துப்பாக்கிக் குழலை விற்பனைக்கு விடுமுன், மிகுதியான மருந்திட்டுச் சுட்டுச் சோதித்து, வெடிக்காமல் தாங்கினால் முத்திரை குத்துவது ஐரோப்பிய நாடுகளின் வழக்கம். லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காமின் சோதனைச் சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. கிரீடத்தின் கீழ்ப் பின்னிய 'ஜி.பி.' எழுத்துகள் லண்டனைக் குறிக்கும். கிரீடமும் குறுக்காக வைத்த இரு செங்கோல்களும் பர்மிங்காமைக் குறிக்கும். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து முத்திரை, முட்டை வடிவ வளையத்துள் 'ஈ.எல்.ஜி.' என்னும் எழுத்துகளும் அவற்றின் கீழ் நட்சத்திரமும் கொண்டது. 1893ஆம் ஆண்டு முதல் அவ்வளையத்தின் தலையில் ஒரு கிரீடமும் சேர்க்கப்பட்டது.

பள்ளி ரிவால்வரின் குழலில் முத்திரை எதுவும் எஞ்சவில்லை. உப்புத்தாள் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் உருளையில் தேய்ப்பவரின் விரல் எட்டாத பள்ளங்கள் உண்டு. அத்தகைய பள்ளம் ஒன்றில், முலாமுக்கு அடியில், அரிசியளவு முட்டை வளையம் தெரிந்தது. டார்ச்சை நேராகப் பிடித்தபோது ஒன்றும் விளங்கவில்லை. விளக்கைத் தாழ்த்தி, ஒளி பக்கவாட்டில் படும்படி சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வழியே பார்த்தபோது 'ஈ.எல்.ஜி.'யும், மேலே கிரீடமும் நிழலாய் எழுந்து நின்றன. ஆகவே அந்த உருளை லியேஜில் சோதிக்கப்பட்டது 1893ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோதான். திப்பு சுல்தான் வீழ்ந்து குறைந்தது 94 ஆண்டுகள் கழிந்த பின் என்று பொருள்.

ராணுவச் சொத்தாக இருந்தவற்றில் வேறு குறிகள் உண்டு. அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் உடைமையைக் காட்டும். அதனுடன் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்துச் சேர்ந்திருந்தால் இந்திய அரசுக்குரியது. இரண்டு அம்புகள் முனையோடு முனை நோக்கி நின்றால், ராணுவத்திலிருந்து கழித்து விற்கப்பட்டது என்று அறிக. கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய துப்பாக்கிகளில் முதலில் இதய வடிவமும், 1808ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்து கிரீடம் ஏந்திய சிங்கமும் காணப்படும்.

எண்களைப் படிப்பதில் பலர் தவறுகின்றனர். 'டன்' என்று பொறித்திருப்பது எடையன்று. ஒரு சதுர அங்குலத்திற்கு எத்தனை டன் அழுத்தம் தாங்கும் என்பதற்குரிய அளவு. அதுபோலவே, கேப்பு வகை ரிவால்வர்களில் 54 என்ற எண் காணப்பட்டால், அது வரிசை எண்ணும் ஆண்டும் அல்ல. ஒரு பவுண்டு ஈயத்திலிருந்து குழலுக்குப் பொருந்தும் உருண்டைக் குண்டுகள் 54 வார்க்கலாம் என்பதே அதன் பொருள். உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இது நல்ல கணக்கு. ஒரு பவுண்டு 453.6 கிராம், 54ஆல் வகுத்தால் ஒரு குண்டு 8.4 கிராம். ஈயத்தின் அடர்த்தி 11.34, எனவே கன அளவு 0.741 கன சென்டிமீட்டர். கோளத்தின் சூத்திரத்தைப் பயன்படுத்தினால் விட்டம் 1.12 சென்டிமீட்டர், அதாவது 0.442 அங்குலம் என்று வரும். தோட்டா வகைகளில் .442 என்னும் அளவு இவ்வாறு பிறந்ததே. விளக்கம் தெரியாமல் மனப்பாடம் செய்யப்படும் எண்கள் பலவற்றுக்கும் இத்தகைய வரலாறு இருக்கும்.

அடுத்துப் பார்க்கவேண்டியது, உறுப்புகளின் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துள்ளனவா என்பது. தொழிற்சாலையில் ஒன்றாகப் பொருத்திய உறுப்புகளுக்குப் பெரும்பாலும் ஒரே எண் குத்துவர். பள்ளி ரிவால்வரின் உடற்பகுதியில் ஓர் எண்ணும் உருளையில் வேறோர் எண்ணும் இருந்தன. எனவே நாம் கண்ட கிரீட முத்திரை உருளைக்கு மட்டுமே சாட்சி. உடற்பகுதி சில ஆண்டுகள் மூத்ததாகவும் இருக்கலாம். இரண்டு ரிவால்வர்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கியது எப்போது, யார் கையில் என்பதற்குச் சான்று இல்லை. புதுப்பித்த பழம்பொருளில் இது மிகச் சாதாரணம்.

தேய்ந்துபோன ஒரு வரி

உருளைக்கு மேலே செல்லும் பட்டையில் ஒரு வரி எழுத்து வெட்டப்பட்டிருந்தது. அதில் எஞ்சியது கடைசிச் சொல் மட்டும்: 'மதராஸ்'.

பழைய துப்பாக்கிகளில் மேற்பட்டையில் உள்ள பெயர் செய்தவருடையது என்று கொள்ளலாகாது. பல சமயங்களில் அது விற்றவருடையது. பிரிட்டிஷ் அதிகாரிகள் கைத்துப்பாக்கியைத் தம் செலவிலேயே வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. தோட்ட முதலாளிகளும் பிரயாணிகளும் வாங்கினர். கல்கத்தாவில் மான்டன், ரோடா கம்பெனிகளும், சென்னையில் பி. ஆர் அண்டு சன்ஸ் போன்ற கடைகளும் வரவழைத்த துப்பாக்கிகளில் தம் பெயரையே பொறித்து விற்றன. 1809இல் பெங்களூரில் தண்டு அமைந்தபின், மதராஸ் ராணுவத்தோடு வந்தவர்களும், அவர்களைச் சார்ந்து வந்து குடியேறிய தமிழ் மக்களும், சென்னையோடு இடைவிடாத கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களாயிருந்தனர். இந்த ரிவால்வரும் அவ்வழியே வந்திருக்கலாம். கடையின் பெயர் தெரிந்திருந்தால் தேடுவதற்கு ஒரு வழி பிறந்திருக்கும். துருவோடு சேர்த்து அந்தப் பெயரையும் உப்புத்தாள் கொண்டுபோய்விட்டது. பட்டையின் ஓரங்கள் மழுங்கியிருந்ததும், திருகாணித் துளைகளைச் சுற்றிக் கிண்ணம்போல் குழி விழுந்திருந்ததும் எவ்வளவு தேய்த்தார் என்பதைக் காட்டின. அக்கைவினைஞரைக் குறை சொல்வதற்கில்லை. பளபளப்பைத்தான் அவரிடம் கேட்டார்கள். அதைக் குறைவின்றிக் கொடுத்தார்.

அழிந்த எழுத்தை மீட்க முடியாதா என்று ஆசிரியர் கேட்டார். உளியால் செதுக்கிய எழுத்தும் அச்சால் அடித்த எழுத்தும் இதில் வேறுபடும். அச்சு ஓங்கி அடிக்கப்படும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்திற்குக் கீழேயும் உலோகத்தின் படிகங்கள் நசுங்குகின்றன. மேற்பரப்பை அரத்தால் அராவிய பின்னும் அந்த நசுக்கம் உள்ளே இருக்கும். தடயவியல் ஆய்வுக்கூடங்களில் செப்புக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால், நசுங்கிய பகுதி வேறு வேகத்தில் அரிக்கப்பட்டு எண் மீண்டும் தோன்றும். குற்ற வழக்குகளில் இது பயன்படும் முறை. பொருளை ஓரளவு தின்றுவிடுவதால் பழம்பொருளுக்கு உகந்ததன்று. அன்றியும் கடைக்காரரின் பெயர் பெரும்பாலும் செதுக்கப்பட்டதே. அதன் கீழ் நசுக்கம் மிகக் குறைவு.

ஓர் எண் எவ்வளவு பெறும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1928ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் லாகூரில் சாண்டர்ஸ் சுடப்பட்ட வழக்கில், பகத்சிங்கின் கைத்துப்பாக்கி .32 அளவுள்ள கோல்ட் என்றும் அதன் எண் 168896 என்றும் ஏடுகளில் பதிவாகியிருந்தது. பின்னர் அது எங்குள்ளது என்பது பொதுமக்களுக்குத் தெரியாமற் போயிற்று. இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக் காட்சிச்சாலையில், பல துப்பாக்கிகளுள் ஒன்றாக அது இருந்துவந்தது. அதன்மேல் கறுப்பு வர்ணம் பூசப்பட்டிருந்தது. 2016ஆம் ஆண்டை ஒட்டி வர்ணத்தை நீக்கிப் பார்த்தபோது எண் வெளிப்பட்டது. ஏட்டிலுள்ள எண்ணோடு பொருந்தியது. வர்ணத்திற்குப் பதில் உப்புத்தாள் பட்டிருந்தால் அத்தேடல் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆகவே பழைய ரிவால்வர் கைக்கு வரும் ஆசிரியர் செய்யவேண்டியது மிகச் சிலவே. உலர்ந்த மென்தூரிகையால் தூசியை மட்டும் தட்டலாம். எல்லாப் பக்கங்களையும் சாய்ந்த ஒளியில் புகைப்படம் எடுக்கலாம். எழுத்துகளின்மேல் மெல்லிய தாளை வைத்து, மென்மையான பென்சிலால் தேய்த்துப் படி எடுக்கலாம். குழல், உருளை, உடற்பகுதி ஆகியவற்றில் உள்ள ஒவ்வொரு குறியையும், எந்த இடத்தில், எந்தத் திசையில் என்பதோடு குறித்துக்கொள்ளவேண்டும். பொருள் விளங்காத குறியை வரைந்து வைக்கவேண்டும், ஊகித்து எழுதலாகாது. திருப்புளியைத் தொடவேண்டாம். துரு செதில் செதிலாக உதிர்ந்து, மழைக்காலத்தில் மஞ்சள் நீர்த்துளிகள் வியர்ப்பதுபோல் தோன்றினால், உப்பு உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். அதை நீக்குவது வல்லுநர் வேலை. மைசூரில் பண்பாட்டுச் சொத்துகளின் பாதுகாப்புக்கான மத்திய அரசின் வட்டார ஆய்வுக்கூடம் உண்டு. அங்கு எழுதிக் கேட்கலாம்.

பள்ளியில் சீட்டு மாற்றப்பட்டது. மாணவர்களே கூடி எழுதினர். "புல்டாக் வகை ரிவால்வர், ஐந்து அறைகள். உருளை: லியேஜ், பெல்ஜியம், 1893 அல்லது பின். உடற்பகுதி: வேறு எண், காலம் தெரியவில்லை. விற்ற இடம்: மதராஸ். விற்றவர் பெயர்: புதுப்பிக்கும்போது அழிந்தது." பொருளை அளித்த குடும்பத்தார் இதனைப் படித்து வருந்துவரோ என்று ஆசிரியர் அஞ்சினார். அவர்களோ, தாத்தாவின் பெட்டியில் சென்னைக் கடை ஒன்றின் பழைய ரசீதுக்கட்டு இருப்பதாகவும், தேடிப் பார்ப்பதாகவும் சொல்லிச் சென்றனர்.